அரைக்காதுக்காரரின் ஏழு மணிக் குரல்

போனில் நடக்கும் அந்தக் குழுவுக்கு ‘ஒரு நாள் ஒரு தட்டு’ என்று பெயர். பதினொரு பேர். எல்லாரும் ஜாஸ் பைத்தியங்கள். தாங்கள் அப்போது கேட்டுக் கிறங்கிக்கொண்டிருக்கும் இசைத்தட்டு எதுவோ அதன் பெயரை எழுதிப் போட வேண்டும். ஏன் பிடித்தது என்பதை மட்டும் குரலில் பதிந்து அனுப்ப வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. ‘பிரமாதம்’, ‘தெய்வீகம்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் செல்லாது.

இதையெல்லாம் வகுத்தவர் ஒரு பௌதிக ஆசிரியர். குழுவில் வாத்தியார் என்றுதான் பெயர். இதற்கு முன் அவர் நடத்திய குழு மனை விற்பனையிலும் மூட்டுவலித் தைலத்திலும் போய் முடிந்ததால், இந்தக் குழுவில் சொந்த விஷயம் பேசக் கூடாது என்பதில் மகா கண்டிப்பாக இருந்தார். பெயர், வீடு, குடும்பம், உடம்பு எதுவும் கூடாது. அதனால் மூன்று வருடமாக ஒருவர் ரசனை இன்னொருவருக்கு அத்துப்படி. முகம் மட்டும் தெரியாது.

மற்றவர்கள் தோன்றியபோது அனுப்புவார்கள். தினமும் அனுப்பியவர் ஒருவர்தான். காலை ஏழு மணிக்கு, இரண்டு மூன்று நிமிடம் முன்பின்னாக, அவர் குரல் வந்துவிடும். கொதிகலன் செய்யும் பட்டறையில் முப்பது வருடம் ஆணி அறைந்ததில் இடது காது போய்விட்டது என்று ஒருமுறை சொல்லியிருந்தார். அது இசை கேட்பது சம்பந்தப்பட்டது என்பதால் வாத்தியாரும் விட்டுவிட்டார். அன்றிலிருந்து அவர் அரைக்காது. அவரே அப்படித்தான் கையெழுத்துப் போடுவார். ஸ்டீரியோ வருவதற்கு முந்தைய பழைய தட்டுகளாகத் தேடிப் பிடித்துக் கேட்பவர். “ஸ்டீரியோ எனக்கு எதுக்குங்க? ஒரு ஜோடி செருப்பை வாங்கி ஒத்தக் கால்ல மாட்டற மாதிரி” என்பார்.

குழுவில் இருந்த இரண்டு பெண்களில் ஒருத்தியைப் பல்லக்கா என்று கூப்பிட்டார்கள். அவள் பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பீங்கானில் பல் செய்து கொடுக்கும் ஒரு சின்ன லேபில் வேலை பார்த்தாள். வயது நாற்பத்து மூன்று. கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறார். வீட்டில் அவள் ஜாஸ் போட்டால், “அந்தப் பாத்திரம் உருட்டறதைக் கொஞ்சம் நிறுத்தறியா” என்பார். அவளும் ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். கல்யாணமாகி இருபது வருடத்தில் அவர்களுக்குள் ஏற்பட்ட சமாதான உடன்படிக்கை அது.

இந்தக் கதை நடந்த காலைக்கு முந்தைய நாள் அவள் ஒரு தட்டைப் பரிந்துரைத்திருந்தாள். இரண்டு சாக்ஸபோன், ஒரு டபுள் பாஸ், ஒரு ட்ரம்ஸ், பியானோ கிடையாது. ஒரு சாக்ஸபோன் இடது பக்கம், இன்னொன்று வலது பக்கம். அக்காளும் தங்கையும் அடுப்படியில் நின்று வாக்குவாதம் செய்வதைப்போல இரண்டும் பேசிக்கொள்வதுதான் அதன் அழகு என்று ஒன்றரை நிமிடம் உருகிச் சொன்னாள். கிட்டத்தட்ட ஒரு மாதமாக அவள் அந்தத் தட்டோடுதான் வாழ்ந்துகொண்டிருந்தாள்.

ஒரு மணி நேரத்தில் அரைக்காதின் பதில் வந்தது. “போன்ல ஒத்தக் காதுல மாட்டிக் கேட்டேன் பல்லக்கா. எனக்கு ஒரு ஆள்தான் கேக்கறான். பாவம், தனக்குத்தானே பேசிக்கிட்டிருக்கான். சவுண்டும் கூர்மையா இருக்கு. பல்லு கூசுது.”

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அன்றைக்கு அவளுக்கு லேபில் நாள் சரியில்லை. எடுத்த எடுப்பில் தட்டச்சு செய்தாள்: “கேக்காத காதை வச்சுக்கிட்டு நல்ல தட்டைக் குறை சொல்லாதீங்க.”

அனுப்பிய கையோடு மனசு சுருக்கென்றது. அழிக்கப் பார்த்தாள், அதற்குள் எட்டுப் பேர் படித்துவிட்டார்கள். அவரும் படித்துவிட்டார். அதன் பிறகு அவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. ராத்திரி சாப்பிடும்போது கணவர் ஏதோ கேட்டதற்கு அவள் ‘உம்’ கொட்டினாள். என்ன கேட்டார் என்பது நினைவில்லை.

மறுநாள் காலை ஏழு மணி இரண்டு நிமிடத்துக்கு அரைக்காதின் குரல் வந்தது.

பேருந்தில் நின்றுகொண்டு வந்ததால் அவளால் உடனே கேட்க முடியவில்லை. லேபுக்கு வந்து மேலங்கி மாட்டி, விளக்கைப் போட்டு, பதினொரு மணிக்கு ஒருவர் வாயில் ஏறவேண்டிய முன்பல்லை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது எட்டு இருபது. குழுவைத் திறந்தாள். குரல்பதிவுக்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள்.

குழுவில் எப்போதும் கேலி பேசுகிற தையல்காரர் எழுதியிருந்தார்: “என்ன அரைக்காது அண்ணே, காலையிலேயே தாக சாந்தியா?”

இன்னொருவர்: “நேத்து பல்லக்கா கடிச்சதுல மனுஷன் நொந்துட்டார் போல.”

வாத்தியார்: “தட்டைப் பற்றி மட்டும் பேசவும்.”

தட்டின் பெயர் எழுதப்படவில்லை. அது முதல் அதிசயம். மூன்று வருடத்தில் அவர் அதை மறந்ததே இல்லை. அவள் ஹெட்போனை மாட்டினாள்.

குரல் குழைந்து வந்தது. அவளுக்கும் முதலில் குடி என்றுதான் பட்டது. அடுத்து, தன்னைக் கேலி செய்வதற்காக வேண்டுமென்றே இப்படிப் பேசுகிறாரோ என்று தோன்றியது. காது சூடானது. ஆனாலும் நிறுத்தவில்லை. “இதுல... ஜன்னல் வாசிக்கறவர்... கவனிங்க... ஜன்னல்...” என்றார் அவர். ஜன்னலா? பியானோ என்பதற்கு ஜன்னல் என்கிறாரா? “கவனிங்க” என்பது அவருடைய வழக்கமான வார்த்தை. சொல்லிவிட்டுச் சரியாக ஒரு மூச்சு விடுவார். ட்ரம்ஸ்காரன் அடுத்த அடிக்குக் கையைத் தூக்கி வைத்திருக்கிற மாதிரி இருக்கும் அந்த இடைவெளி. இன்று அந்த வார்த்தை மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் இடைவெளி வேறு வேறு அளவு.

அவள் தூரிகையைக் கீழே வைத்தாள். மறுபடி முதலிலிருந்து கேட்டாள். இந்த முறை அர்த்தத்தைப் பார்க்காமல் எழுத்தைப் பார்த்தாள்.

பல் செய்கிறவளுக்கு எந்த எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது என்று தெரியும். புதுப் பல்செட் மாட்டியவர்களுக்கு ‘ச’வும் ‘த’வும்தான் உதைக்கும். அரைக்காதின் பதிவில் அவை ஓரளவு ஒழுங்காக இருந்தன. ‘ப’வும் ‘ம’வும்தான் இல்லை. ‘ட்ரம்பெட்’ என்றபோது நடுவில் இருக்க வேண்டிய ‘ம்ப’ காற்றாகப் போயிற்று. இரண்டு உதடும் ஒட்டினால்தான் அந்த எழுத்து பிறக்கும். உதடு ஒரு பக்கம் மூடவே இல்லை.

ஆறு வருடத்துக்கு முன் அவளுடைய மாமனார் ஒரு காலையில் இப்படித்தான் பேசினார். ‘பேப்பர்’ என்று கேட்க வந்து ‘வேவ்வர்’ என்றார். தூக்கக் கலக்கம், கொஞ்சம் படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று எல்லாருமாகச் சேர்ந்து படுக்க வைத்தார்கள். சாயந்திரம் ஆஸ்பத்திரியில், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது, முதல் சில மணி நேரத்துக்குள் கொண்டுவந்திருந்தால் ஊசி போட்டுக் கரைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். நான்காம் நாள் அவர் போய்விட்டார்.

மணி எட்டு முப்பத்தைந்து. பதிவு வந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

அவள் அரைக்காதின் எண்ணுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. குழுவில் எழுதினாள்: “இது குடி இல்லை. அவருக்குப் பக்கவாதம் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். போன் எடுக்கவில்லை. அவர் வீடு யாருக்காவது தெரியுமா?”

தையல்காரர்: “அக்கா, நேத்து காதைக் கிண்டல் பண்ணீங்க, இன்னிக்கு வாயா?”

“சத்தியமா விளையாடல. வீடு எங்கன்னு சொல்லுங்க.”

யாருக்கும் தெரியவில்லை. தெரியக் கூடாது என்பதுதானே விதி. ஆம்புலன்ஸுக்கு அடித்தாள். எடுத்த பெண் பொறுமையாகத்தான் பேசினாள். “நோயாளி பேர் என்னங்க?”

“தெரியாது.”

“முகவரி?”

“அதுவும் தெரியாது. போன் நம்பர் இருக்கு.”

“நீங்க அவருக்கு என்ன வேணும்?”

“தெரிஞ்சவங்க” என்றாள்.

“நம்பரை வச்சு இடம் கண்டுபிடிக்கறது போலீஸ் வேலைங்க. அங்க சொல்றேன். ஆனா நேரம் ஆகும். முகவரி கிடைச்சா உடனே கூப்பிடுங்க, அஞ்சு நிமிஷத்துல வண்டி கிளம்பிடும்.”

அவள் திரும்பக் குழுவுக்கு வந்து நான்கு பதிவுகள் தொடர்ந்து போட்டாள். யாராவது அவரை எங்காவது பார்த்ததுண்டா, எந்தப் பக்கத்துக்காரர், எந்தக் கடையில் தட்டு வாங்குகிறார், சொல்லுங்கள், சொல்லுங்கள். ஐந்தாவதைப் போட விரல் வைத்தபோது திரை மாறியது. வாத்தியார் அவளைக் குழுவிலிருந்து நீக்கியிருந்தார்.

எதிர் மேஜையிலிருந்து முதலாளி கேட்டார்: “என்னம்மா, அந்த முன்பல் சூளைக்குப் போயாச்சா?”

“இல்ல சார்.”

“பதினொரு மணிக்கு ஆள் வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருப்பாரும்மா.”

அவள் எழுந்து கழிப்பறைப் பக்கமாகப் போய்க் கணவருக்கு அடித்தாள். காலை முறை வண்டி ஓட்டி முடித்து அவர் ஓட்டுநர்களின் ஓய்வறையில் இருக்கும் நேரம்.

“என்னங்க, ஒரு பதிவு அனுப்பியிருக்கேன். கேளுங்க.”

“உன் பாட்டுக் கூட்டமா? நான் இப்பதான் காலை நீட்டறேன்.”

“ஒரே ஒரு தடவை. அப்பாவை நினைச்சுக்கிட்டுக் கேளுங்க.”

போன் துண்டிக்கப்பட்டது. மூன்று நிமிடம் கழித்து அவரே கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது.

“அப்படியேதான் இருக்கு.”

“வீடு தெரியலீங்க. யாருக்கும் தெரியல.”

“இரு. பின்னாடி ஒரு சத்தம் வருதே, அது என்னன்னு நினைக்கற?”

“ட்ரம்ஸ். பின்னால தட்டு ஓடிக்கிட்டிருக்கு. ட்ரம்ஸ்காரர் குச்சிக்குப் பதிலா பிரஷ்ஷால தேய்க்கறார்.”

“ட்ரம்ஸும் இல்ல, மத்தளமும் இல்ல. அது எங்க பழைய டிப்போவுல பஸ் கழுவற மெஷின். உருளை பிரஷ்ல ஒண்ணு வளைஞ்சு போச்சு. ஒரு வருஷமா மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்துக்கிட்டே இருக்கோம். மூணு சுத்து தேய்க்கும், நாலாவதுல தகரத்துல போய் இடிக்கும். ராத்திரி ஓடின வண்டியெல்லாம் காலையில எட்டு வரைக்கும் அதுலதான் போகும். வேற எந்த டிப்போவுலயும் இந்தச் சத்தம் கிடையாது.”

அவள் உடனே மறுபடி கேட்டாள். மூன்று தேய்ப்பு, ஓர் இடி. மூன்று தேய்ப்பு, ஓர் இடி. போன மாதம் அரைக்காது ஒரு தட்டின் துணுக்கைப் பதிந்து அனுப்பியபோது, குழுவே அந்த ட்ரம்ஸ்காரரின் நான்காவது அடியைக் கொண்டாடித் தீர்த்தது. தாமதமாக விழுந்தும் தவறாத அடி என்று வாத்தியார் தம் பங்குக்கு இரண்டு நிமிடம் விளக்கியிருந்தார். பத்து ஜாஸ் காதுகளும் சேர்ந்து புகழ்ந்தது ஒரு வளைந்த பிரஷ்ஷை. சிரிக்க நேரமில்லை.

“டிப்போவுக்குப் பின்னாடி வீடு இருக்கா?”

“மூணு கட்டடம் இருக்கு. நீ கிளம்பி வா. என் வண்டியை எடுக்க யாரையாவது பிடிச்சுட்டு நேரா வந்துடறேன்.”

முதலாளியிடம் சொல்லிக்கொள்ளக்கூட அவள் நிற்கவில்லை. “உயிர் போற விஷயம் சார்” என்று வாசலில் இருந்தே சொன்னாள். அவர் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

டாக்ஸி போய்ச் சேர ஒன்பதேகால். மூன்று கட்டடமும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி நின்றன. ஆறு ஆறு மாடி. கணவர் சீருடையோடு நடுக் கட்டடத்தின் வாசலில் காத்திருந்தார். “கழுவற கொட்டகை இதோட முதுகுக்குத்தான் நேரா இருக்கு. மத்த ரெண்டையும் ஒர்க்‌ஷாப் சுவர் மறைக்குது. இங்கதான் இருக்கணும்” என்றார்.

காவலாளி எழுந்து வந்தார். ஒரு காது கேட்காத, தனியாக இருக்கிற, வயசான ஆள் என்று விசாரித்தார்கள்.

“எந்த வீட்டு நம்பர்?”

“அது தெரியாது. பாட்டு போடுவார். வாயில்லாத பாட்டு.”

“எல்லாருந்தான் பாட்டு போடறாங்க. பேர் சொல்லுங்க.”

“பேரும் தெரியாது.”

காவலாளி கணவரின் சீருடையையும் அவளுடைய வெள்ளைக் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். “நான் இங்க வந்து ரெண்டு மாசம்தாங்க ஆகுது. நம்பரும் இல்லாம பேரும் இல்லாம உள்ள விட்டா நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க” என்றார். கணவர் அவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பல்லக்கா படியில் ஏறிவிட்டாள்.

மாடிக்கு நான்கு கதவு. அதில் இரண்டுதான் டிப்போ பக்கம். ஒவ்வொரு மாடியிலும் நின்று அரைக்காதின் எண்ணுக்கு அடித்தாள்; உள்ளே எங்காவது மணி கேட்கிறதா என்று கதவில் காதை வைத்தாள். முதல் மாடியில் ஒரு குழந்தை அழுதது. இரண்டாவது மாடியில் கதவைத் திறந்த பெண் அவளைத் திட்டிவிட்டுச் சாத்தினாள். மூன்றாவதில் பூட்டு தொங்கியது. போனில் மணி போய்க்கொண்டே இருந்தது. கட்டடத்தில் எங்கும் கேட்கவில்லை. கணவர் மூச்சிரைக்க ஏறி வந்தார். காவலாளியும் பின்னாலேயே வந்தார்.

நான்காவது மாடி, இரண்டாவது கதவு. அவள் காதை வைத்தாள். கையை உயர்த்தி இருவரையும் நிற்கச் சொன்னாள்.

டக். பிறகு ஒன்றுமில்லை. டக். பிறகு ஒன்றுமில்லை.

“இங்கதான்” என்றாள்.

கணவர் காதை வைத்தார். “எனக்கு ஒண்ணும் கேக்கலியே.”

“தட்டு ஓடி முடிஞ்சு, ஊசி கடைசி வளையத்துலயே சுத்திக்கிட்டிருக்கு. ஒண்ணே முக்கால் செகண்டுக்கு ஒரு தடவை டக்குனு விழும். எடுக்க ஆள் இல்லாம சுத்துது.”

காவலாளியும் கேட்டுப் பார்த்தார். “குழாய் சொட்டுதும்மா. இந்த லைன் பூரா ஒழுகல்தான்.”

“குழாய் இவ்வளவு கணக்கா சொட்டாது.”

கணவர் கதவைத் தட்டினார். உள்ளங்கையால் அறைந்தார். பதில் இல்லை. எதிர் வீட்டுக் கதவு கொஞ்சம் திறந்து மூடியது.

“உடைச்சுடுங்க” என்றாள் பல்லக்கா.

காவலாளி கதவுக்கு முன்னால் வந்து நின்றார். “அம்மா, அவர் ஊருக்குப் போயிருந்தா? குளிச்சுக்கிட்டிருந்தா? சொட்டற சத்தத்தைக் கேட்டு யாராவது கதவை உடைப்பாங்களா?”

அவள் அவரைப் பார்க்கவில்லை, கணவரைப் பார்த்தாள். அவர் இன்னொரு தடவை கதவில் காதை அழுத்திவைத்து, கண்ணை மூடிக் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பத்து வினாடி இருக்கும். அவளுக்கு அது ஒரு நாளாகப் பட்டது. தப்பாக இருந்தால் அவர் வேலைக்கே ஆபத்து என்பது அவளுக்குத் தெரியும். சீருடையில் வந்து கதவை உடைத்தவன் என்று எழுதிவிடுவார்கள்.

“உனக்குக் கேக்குதா?” என்றார் கண்ணைத் திறந்து.

“கேக்குது.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

“எனக்கு இப்பவும் கேக்கல” என்றார். “ஆம்புலன்ஸுக்குச் சொல்லு. டிப்போ பின்பக்கம், நடுக் கட்டடம், நாலாவது மாடி.” காவலாளியின் தோளில் கைவைத்து மெதுவாக ஒதுக்கினார். “அண்ணே, என் பேர், பேட்ஜ் நம்பர் எல்லாம் எழுதிக்கங்க. நான்தான் உடைச்சேன்.”

பூட்டுக்குப் பக்கத்தில் மூன்று உதை. மூன்றாவதில் மரம் பிளந்தது.

சின்ன அறை. மூன்று சுவரும் தட்டுகள். ஜன்னலோரம் மேஜையில் தட்டு சுழன்றுகொண்டிருந்தது. ஊசி நடு வட்டத்துக்குப் பக்கத்தில் டக், டக் என்று இடித்துக்கொண்டிருந்தது. மேஜைக்கும் கட்டிலுக்கும் நடுவில் தரையில் அவர் வலது பக்கமாகச் சரிந்து கிடந்தார். மெலிந்த உடம்பு. எழுபதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். கண் திறந்திருந்தது.

போன் அவர் முகத்துக்கு ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. ஒலியை முழுக்கக் குறைத்து வைத்திருந்தாலும் அதிர்ந்து அதிர்ந்து அது பாதி வட்டம் சுற்றியிருந்தது. இருபத்திரண்டு அழைப்புகள். அவருக்குக் கேட்கும் காது வலது காது. அது தரையோடு அழுந்திக் கிடந்தது. கதவு பிளந்ததுகூட அவருக்குக் கேட்கவில்லை. அவள் எதிரே வந்து மண்டியிட்டபோதுதான் அவர் கண் அசைந்தது. யார் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. பயந்தார். இடது கையை மட்டும் முகத்துக்கு முன்னால் கொண்டுவந்தார்.

அவள் அவர் தலையைத் தாங்கித் திருப்பி, வலது காது வெளியே வரும்படி மடியில் வைத்துக்கொண்டாள். “பயப்படாதீங்க. நான்தான் பல்லக்கா.”

அவர் உதடு ஒரு பக்கம் மட்டும் அசைந்தது. வார்த்தை எதுவும் வரவில்லை. கண்ணோரம் நீர் வழிந்தது. அது அழுகையா, அந்தப் பக்கத்து இமை மூடாததாலா என்று அவளுக்குத் தெரியவில்லை.

“நேத்து நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்றாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். புரிந்ததா என்று தெரியவில்லை.

ஆம்புலன்ஸ் ஏழு நிமிடத்தில் வந்தது. தூக்குபடுக்கையைப் படியில் திருப்ப முடியாமல் இரண்டு பேர் திணறியபோது காவலாளிதான் ஒரு முனையைப் பிடித்து நான்கு மாடியும் இறக்கினார்.

ஆஸ்பத்திரிக்குள் போனபோது மணி பத்தே கால். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதுதான் டாக்டரின் முதல் கேள்வி. நேற்றுப் பகலில் பதில் அனுப்பியது வரைக்கும்தான் அவளுக்குத் தெரியும். டாக்டர், இளவயதுப் பெண், உதட்டைக் கடித்தாள். “ராத்திரியே ஆரம்பிச்சிருந்தா நான் ஊசி போட முடியாதும்மா. ரத்தம் கசிஞ்சா ஆபத்து. காலையில எழுந்தப்ப நல்லா இருந்தார்னு சொல்ல யாராவது இருக்காங்களா?”

யாரும் இல்லை. அந்த மனிதர் தனியாகத் தூங்கித் தனியாக எழுந்தவர். பல்லக்காவுக்கு இவ்வளவு தூரம் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டார்களே என்றிருந்தது. போனைத் திறந்து அந்தப் பதிவை டாக்டரிடம் நீட்டினாள். டாக்டர் காதில் வைத்துக் கேட்டாள். முதல் பத்து வினாடி முடிந்ததும் நிறுத்திவிட்டு மறுபடி கேட்டாள்.

“ஆரம்பத்துல நல்லாத்தான் பேசறார்” என்றாள்.

உண்மைதான். ‘வணக்கம், அரைக்காது’ என்ற முதல் இரண்டு வார்த்தையும் சுத்தமாக இருந்தன. ‘ம’கூட இருந்தது. குலைவு எட்டாவது வினாடியில் ஆரம்பித்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே வந்திருக்கிறது. பல்லக்கா எத்தனையோ தடவை கேட்டும் இதைக் கவனிக்கவில்லை. கெட்டுப்போன இடங்களையே தேடிக்கொண்டிருந்தவள் நன்றாக இருந்த இடத்தைக் கேட்கவில்லை.

“ஏழு மணி ரெண்டு நிமிஷம்” என்று டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தாள். “நேரம் இருக்கு.” ஸ்கேன் அறையை நோக்கி ஓடினாள்.

கதவு மூடியது. கணவர் நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். உதைத்த கால் வீங்கியிருந்தது. ஒரு செவிலியர் படிவத்தோடு வந்தார். நோயாளி பெயர் என்ற இடத்தில் பல்லக்காவின் பேனா நின்றது. அரைக்காது என்று எழுத முடியாது. கடைசியில் அவருடைய போனில் ‘மகள்’ என்றிருந்த எண்ணைச் செவிலியர்தான் பார்த்துக் கூப்பிட்டார். வேறு நகரம், ஆறு மணி நேரப் பயணம். அழுதுகொண்டே அந்தப் பெண் சொன்ன பெயரைப் பல்லக்கா எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டாள். மூன்று வருடமாகத் தெரிந்தவரின் பெயர், யாரோ ஒருவருடைய பெயரைப்போல இருந்தது.

ஒரு மணிக்கு வாத்தியார் வந்தார். தையல்காரருக்கு அவள் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தாள். அவர் சொல்லி வந்திருக்கிறார். குட்டையான மனிதர், கையில் ஹெல்மெட். பாதி வகுப்பில் கிளம்பி வந்ததால் சட்டையில் சாக்பீஸ் தூள். குரலைக் கேட்டதும்தான் அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

“எப்படி இருக்கார்?”

“ஊசி போட்டிருக்காங்க. இன்னும் ஒண்ணும் சொல்லல.”

அவர் உட்காரவில்லை. ஹெல்மெட்டின் வாரை இழுத்து இழுத்து விட்டார். “உங்களை நீக்கினது...” என்று ஆரம்பித்தார். “காலையில ஏழே காலுக்கே நான் அதைக் கேட்டுட்டேம்மா. மூணு தடவை கேட்டேன். அவர் பேச்சுல தாளம் தப்பறது எனக்கும் கேட்டுது. மனசுக்குள்ள என்னவோ பண்ணிச்சு. நமக்கு எதுக்கு, கேட்டா தப்பா நினைப்பாரோன்னு விட்டுட்டேன். நீங்க கத்தக் கத்த என்னால தாங்க முடியல. அதான் வெளியே எடுத்தேன்.”

பரவாயில்லை என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு வாய் வரவில்லை. கணவர்தான் நகர்ந்து பக்கத்து நாற்காலியைக் காட்டினார். “உக்காருங்க சார். நின்னா மட்டும் சீக்கிரம் வந்துடவா போறாங்க.”

இரண்டே முக்காலுக்கு டாக்டர் வந்தாள். வலது கால் அசைகிறது, கை கொஞ்சம் பிடிக்கிறது என்றாள். உயிருக்கு ஆபத்தில்லை. பேச்சு எவ்வளவு திரும்பும் என்பதை இப்போது சொல்ல முடியாது. சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும், சிலருக்குக் கொஞ்சம்தான் வரும். பல்லக்கா தலையாட்டினாள்.

கதவை உடைத்ததற்குக் கணவருக்கு டிப்போ நிர்வாகத்திடமிருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்தது. பிறகு அது அப்படியே அமுங்கிவிட்டது. முன்பல் தாமதமானதற்கு முதலாளி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வாத்தியார் அவளைத் திரும்பச் சேர்த்தார். அவள் நான்கு நாள் கழித்துத்தான் உள்ளே போனாள்.

ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். மகள் வெளியே பெஞ்சில் இருந்தாள். முப்பது வயதிருக்கும். அப்பாவின் அதே நீண்ட மூக்கு. நன்றி சொன்னாள்.

“நான் போன் பண்ணா அப்பா ஒரு நிமிஷம்தான் பேசுவார். சாப்பிட்டியா, சரி, வச்சுடறேன். அவ்வளவுதான். உங்ககிட்ட தினமும் ரெண்டு நிமிஷம் பேசுவாராமே.”

அதில் பொறாமை இருந்தது. அதை அவள் மறைக்கவில்லை.

“பத்துப் பேருக்கும் சேர்த்துத்தான் அந்த ரெண்டு நிமிஷம்” என்றாள் பல்லக்கா. “எங்ககிட்டயும் சாப்பிட்டீங்களான்னு கேட்டதில்ல.”

மகள் லேசாகச் சிரித்தாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அந்தப் பதிவெல்லாம் இருக்கா? நல்லாப் பேசினது?”

“இருக்கு. ஆயிரத்துக்கு மேல இருக்கும்.”

“எனக்கு அனுப்புவீங்களா அக்கா?”

பல்லக்கா பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்று வருடம் முந்தைய முதல் பதிவிலிருந்து ஆரம்பித்தாள். நடுநடுவே மகள் ஏதாவது ஒன்றைத் திறந்து காதில் வைத்துக் கேட்டாள், “இது யாரைச் சொல்றார்?”, “பாஸ்னா என்னக்கா?” என்று விசாரித்தாள். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தபோது நூற்று நாற்பது போயிருந்தது. மீதியை மறுநாள் வந்து அனுப்புவதாகச் சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.